ஒன்றும் வரவில்லை

பள்ளிக்கூடத்துக்கு வருகிற தபால் பள்ளிக்கூடத்துக்குப் போகாது. வீட்டுக்குத்தான் வரும். பெரிய டீச்சரின் அப்பா இரண்டு தகரக் கொட்டகைகளில் பள்ளியை ஆரம்பித்தபோது கொட்டகைக்குக் கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. தபாலை வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். பிறகு மாடிக் கட்டடம் வந்தது, ஆபீஸ் அறை வந்தது, இரும்பு பீரோ வந்தது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். தபால் மட்டும் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது.

இருபத்தொன்பது வருடம் தலைமை ஆசிரியையாக இருந்த பெரிய டீச்சர், முட்டி தேய்ந்துபோனதும் நாற்காலியைத் தம்பியிடம் கொடுத்தார். தபாலைக் கொடுக்கவில்லை. தினமும் பதினொரு மணிக்குக் கத்தரிக்கோலும் கண்ணாடியுமாக உட்கார்ந்து உறைகளைப் பிரிப்பார். பள்ளிக்குப் போக வேண்டியது ஒரு பக்கம், வீட்டில் இருக்க வேண்டியது ஒரு பக்கம், கிழிக்க வேண்டியது ஒரு பக்கம். தம்பி ஐந்து வருடமாக அக்கா அனுப்பிய காகிதங்களை மட்டுமே பார்த்துப் பள்ளியை நடத்தினான். அதில் அவனுக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு எதில்தான் குறை என்று பெரிய டீச்சருக்கு அடிக்கடி எரிச்சல் வரும்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், தாமதமாக வருகிற ஆசிரியர்கள் கையெழுத்திடும் சிவப்பு நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டது. இரண்டாவது, சனிக்கிழமைக் கூட்டம். வாரா வாரம் ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் எந்தப் பாடம் சரியாக வரவில்லை, எங்கே சறுக்கினோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முதலில் இவன் தன் சறுக்கலைச் சொல்வானாம். பெரிய டீச்சர் அதற்கு ஒப்பாரிக் கூட்டம் என்று பெயர் வைத்திருந்தார்.

அன்று பொதுத் தேர்வின் கடைசித் தாள், அறிவியல். ஒரு மணிக்கு முடிகிற தேர்வு. தம்பி மூன்றரைக்கு வந்தான். தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என்னடா, கேள்வி கஷ்டமா?"

"கஷ்டம் இல்லக்கா. பாடமே இல்ல."

"புரியற மாதிரி சொல்லு."

"மூணு கேள்வி, பதினெட்டு மார்க்கு. நாம நடத்தாத பாடத்துல இருந்து வந்திருக்கு. கண்ணாடி, பிம்பம்னு புதுசா ஒரு இணைப்புப் புத்தகமாம். பதினாறு பக்கம். நாலு மாசம் முன்னாடியே எல்லா ஸ்கூலுக்கும் தபால்ல போயிடுச்சாம். நமக்கு மட்டும் வரல."

பெரிய டீச்சர் கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

"அறுபத்துநாலு பிள்ளைங்க. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. வெளிய வந்து சும்மா நின்னாங்க. ஒரு பொண்ணு கேட்டா, சார், அந்தப் பாடம் எங்களுக்கு மட்டும் கிடையாதான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"அறிவியல் வாத்தியார் என்ன பண்ணிட்டிருந்தாரு இத்தனை நாளா?"

"பெத்தவங்க அவர் சட்டையைப் பிடிச்சிட்டாங்கக்கா. ஸ்கூல் கேட்டுல. அந்த லாரிக்காரர் பிடிச்ச பிடியில பாக்கெட் கிழிஞ்சு தொங்குது."

அறிவியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஓட்டைச் சட்டை. ஆய்வகத்தில் அமிலம் தெறித்து அவருடைய எல்லாச் சட்டைகளிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். பெயருக்கு ஏற்றபடி இன்றைக்கு ஊரே கிழித்துவிட்டது போலும்.

தம்பியின் மனைவி தட்டில் சோறும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"எங்கிட்டக் கேட்டியாடா ஒரு தடவையாவது," என்றார் பெரிய டீச்சர். "ஏதாவது வந்துச்சான்னு."

"கேட்டேன். பக்கத்து ஸ்கூல்ல ஏதோ புதுப் பாடம் நடக்குதுன்னு அறிவியல் சார்தான் சனிக்கிழமைக் கூட்டத்துல சொன்னாரு. உங்களக் கேட்டேன். ஒண்ணும் வரலன்னீங்க."

"தபால்காரன் புதுசு," என்றார் பெரிய டீச்சர். "பாதியைத் தொலைச்சிடறான்."

சொன்ன பிறகு எழுந்து தன் அறைக்குப் போனார்.

கட்டிலுக்குப் பக்கத்து மர அலமாரியில், மடித்து வைத்த போர்வைகளுக்குக் கீழே அது இருந்தது. பழுப்பு உறை. தேடவே வேண்டியிருக்கவில்லை. பதினாறு பக்கம். ஆறாவது பக்கத்தில் குவியாடிக்கு முன்னால் வைத்த மெழுகுவர்த்தியின் பிம்பத்தைத் தலைகீழாக வரைந்திருந்தார்கள். குவியாடியில் பிம்பம் நேராகத்தான் தெரியும். லாரியில் இருக்கிற பக்கக் கண்ணாடியைப் பார்த்தவனுக்குக்கூடத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கே பெரிய டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். இந்த லட்சணத்தில் அச்சடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்களா, முழுவதையும் திருத்தி, அனுப்பியவன் முகத்திலேயே எறிகிறேன், அதற்கப்புறம் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தார். பத்தாம் பக்கத்துக்குள் பதினொரு தப்பு. பத்தாம் பக்கத்தோடு முட்டி வீங்கிக்கொண்டது. ஊசி, மாத்திரை, படுக்கை. பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போயிற்று.

மறந்துபோயிற்று என்று பெரிய டீச்சர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில் மறதி ஒரு குற்றமா? இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். உறையைத் திரும்பப் போர்வைக்கு அடியில் வைத்து, மேலே இன்னொரு போர்வையையும் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை கேலி பேசியவர் அவர்.

மறுநாள் காலையில் ஓட்டைச் சட்டை வீட்டுக்கு வந்தார். தம்பி பக்கத்துப் பள்ளியில் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கப் போயிருந்தான். பெரிய டீச்சர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"எத்தனை வருஷம் சர்வீஸ் உங்களுக்கு?"

"பதினேழு, டீச்சர்."

"பதினேழு வருஷம் பாடம் நடத்தறவருக்கு, வருஷப் பாடத்துல என்ன இருக்கு என்ன இல்லன்னு தெரியாதா? சட்டையில ஓட்டை இருக்கலாம். தலையில இருக்கலாமா?"

அவர் வழுக்கைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அதுவே பெரிய டீச்சருக்குக் கோபத்தைக் கூட்டியது.

"நான் கேட்டேன் டீச்சர். புதுப் பாடம்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு, நமக்கு வந்திருக்கான்னு கூட்டத்துல கேட்டேன். திங்கக்கிழமை சார் சொன்னாரு, அக்கா ஒண்ணும் வரலன்னு சொல்லிட்டாங்கன்னு."

"அதோட விட்டுட்டீங்களா? பக்கத்து ஸ்கூலு என்ன கடல் தாண்டியா இருக்கு? எட்டிப் பார்த்தா என்ன?"

"பார்த்திருக்கணும். தப்புதான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா டீச்சர், நான் உங்க காலத்துல வேலைக்குச் சேர்ந்தவன். நீங்க ஒண்ணு சொன்னதுக்கப்புறம் அது நிஜமான்னு வெளிய போய் விசாரிக்கிறது இந்த ஸ்கூல்ல யாருக்கும் பழக்கமில்ல. அந்தப் பழக்கம் எனக்கும் வரல."

தம்பியின் மனைவி தேநீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். அவர் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனார்.

மத்தியானம் தம்பி வந்ததும் அடுப்படியிலேயே பேச்சு ஆரம்பித்தது.

"அவரை நிறுத்திடு," என்றார் பெரிய டீச்சர். "கடுதாசி நான் எழுதித் தர்றேன். ஞாயித்துக்கிழமை பெத்தவங்க கூட்டத்துக்கு முன்னாடி கையில குடுத்துடு. கூட்டத்துல ஒரு வரி சொன்னாப் போதும். பொறுப்பில்லாதவரை அனுப்பியாச்சு, அவ்வளவுதான்."

"மாட்டேன்."

"ஏன்?"

"கேள்விப்பட்டதும் வாயைத் திறந்து சொன்ன ஒரே ஆளு அவருதான். அவரை அனுப்பிட்டா, அடுத்த தடவை எவன் வாயைத் திறப்பான்?"

"ஒப்பாரி வைக்கிற இடத்துல சொன்னதெல்லாம் ஒரு சேதியா? என் காலத்துல ஒரு பாடம் விட்டுப்போச்சுன்னு ஒருத்தர் சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லியிருக்க மாட்டாங்க," என்றான் தம்பி. "விட்டுப்போயிருக்கும். சொல்லியிருக்க மாட்டாங்க."

தம்பியின் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமல் மெல்லச் சிரித்தாள். பெரிய டீச்சர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது, கத்தி நிற்கவில்லை.

"அப்பா பேரு போட்டிருக்குடா அந்தக் கட்டடத்துல. உன் பேருமில்ல, என் பேருமில்ல. தகரக் கொட்டகையில ஆரம்பிச்சு, பகல்ல பாடம் சொல்லி, சாயங்காலம் செங்கல் சுமந்து கட்டினது. அந்தப் பேரு மேல எச்சில் துப்ப விடப் போறியா?"

"பேருக்காக ஒரு மனுஷனைப் பலி குடுக்கச் சொல்றீங்களா?"

"பின்ன என்னதான் சொல்லப்போற கூட்டத்துல?"

"என் தப்புன்னு சொல்லுவேன். ஒரு வார்த்தை கேட்டுட்டு அதோட நின்னுட்டேன். போய்ப் பார்க்கல. அது உண்மைதானே. நாற்காலிய விட்டு எறங்கச் சொன்னா எறங்கறேன்."

பெரிய டீச்சர் எழுந்து போனார். முட்டி அன்றைக்கு அதிகமாகவே வலித்தது.

சனிக்கிழமை மாலை லாரிக்காரர் வந்தார். கூடவே மூன்று பேர். தெருவில் புழுதிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் நாலு பேரோடு புழுதியும் உள்ளே வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் ஆள் சட்டையைக் கிழித்தவர் இங்கே செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரும் பெரிய டீச்சரிடம் படித்தவர்தான். இரண்டு தடவை ஒரே வகுப்பில் படித்தவர்.

"டீச்சரம்மா, நாங்க சுத்தி வளைக்கல. உங்க தம்பி நல்ல மனுஷன். நல்ல மனுஷனை வச்சு ஸ்கூல் நடத்த முடியாது. வீட்டுக்கு வீடு வந்து டீ குடிக்கிறாரு, பையன் எப்படி இருக்கான், சமையலுக்கு யாரு ஒத்தாசைன்னு விசாரிக்கிறாரு. எங்களுக்கு விசாரிக்க மாமன் மச்சான் இருக்காங்க. வாத்தியார் பாடத்தைப் பார்க்கணும்."

"இப்ப எதுக்கு வந்திருக்கே?"

"நீங்க திரும்பி வரணும்." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். "நாப்பது பேர் கையெழுத்து. நாளைக்குக் கூட்டத்துல இதைக் குடுக்கப்போறோம். உங்க காலத்துல இப்படி ஒரு தப்பு நடந்திருக்குமா?"

"முட்டி சரியில்லப்பா எனக்கு."

"முட்டியாலயா ஸ்கூல் நடத்தப் போறீங்க? நீங்க வந்து நாற்காலியில உக்காந்தாப் போதும். எதிர்ல நிக்கிறவன் முட்டி தானா ஆடும்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். பெரிய டீச்சருக்கும் உதட்டோரம் லேசாக வந்தது. ஐந்து வருடமாக யாரும் அவரிடம் அப்படிப் பேசவில்லை. "யோசிக்கிறேன்," என்றார். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தித் திரும்பினால், அடுப்படி நிலையில் தம்பியின் மனைவி நின்றிருந்தாள்.

"யோசிக்கிறேன்னா என்ன அண்ணி அர்த்தம்?"

"யோசிக்கிறேன்னு அர்த்தம்."

"அவர் ரெண்டு நாளா சாப்பிடல. நீங்க சாப்பிடறீங்க. அதான் கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நிற்க இடமில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே இருந்த மரத்தடுப்பைக் கழற்றி ஒன்றாக்கியிருந்தார்கள். ஆறு மின்விசிறிகளில் இரண்டுதான் சுற்றின. பெற்றவர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் பெரிய டீச்சருக்கு முதுகு உயர்ந்த நாற்காலி. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பழுப்பு உறை. எதற்கு எடுத்துவந்தார் என்று அவரைக் கேட்டிருந்தால், வீட்டில் வைத்துவிட்டு வர மனம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். தம்பி மனைவியின் கண் அந்த அலமாரிப் பக்கம் போனாலும் போகும்.

தம்பி மேடையில் ஏறவில்லை. கரும்பலகைக்கு முன்னால் தரையிலேயே நின்றான்.

"புது இணைப்புப் பாடம் உங்க பிள்ளைங்களுக்கு நடத்தப்படல. ஸ்கூலோட தப்பு, ஸ்கூலுக்கு நான் தலைவன், அதனால என் தப்பு. இது பேச்சுக்குச் சொல்றதில்ல. புதுப் பாடம்னு ஒரு சேதி என் காதுக்கு வந்துச்சு. நமக்கு வந்திருக்கான்னு ஒரு இடத்துல கேட்டேன். வரலன்னு பதில் வந்துச்சு. நம்பினேன். நம்பினது தப்பில்ல. நம்பிட்டு, போய்ப் பார்க்காம விட்டதுதான் தப்பு. நாளைக்கு எட்டு மணியில இருந்து அந்தப் பாடத்துக்கு கிளாஸ். தேறாத பிள்ளைங்களுக்கு ஆறு வாரத்துல மறுதேர்வு இருக்கு. ஒரு பிள்ளையையும் விடமாட்டோம்."

"எந்த இடத்துல கேட்டீங்க?" லாரிக்காரர் எழுந்தார்.

"அதை விடுங்க. கேட்டவன் நான், விட்டவன் நான்."

"விட முடியாது சார். வரலன்னு சொன்ன வாய் எது? அதைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

அறை கொதித்தது. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "வேற யாரு, அந்த ஓட்டைச் சட்டைதான்." "அவரைக் காப்பாத்துறாரு." "எந்திரிக்கச் சொல்லுங்க அவரை." யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். தட்டல் பரவியது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டைச் சட்டை எழுந்து நின்றார். கிழிந்த பாக்கெட்டை வீட்டில் யாரோ வேறு நிற நூலால் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

"நீங்கதானே வரலன்னு சொன்னீங்க?" என்றார் லாரிக்காரர்.

அவர் தம்பியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். முன் வரிசை நாற்காலிப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கண் போய்விடக்கூடாது என்று கழுத்தை அவர் பிடித்துவைத்திருந்தது பெரிய டீச்சருக்குத் தெரிந்தது. தம்பியின் கழுத்தும் அப்படியே நின்றது.

"நான் நடத்த வேண்டிய பாடம். நான்தான் நிக்கணும். நிக்கறேன்," என்றார் ஓட்டைச் சட்டை.

பெரிய டீச்சருக்கு முகம் எரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதுகூடப் பெரிதாகப் படவில்லை. இரண்டு நாள் முன்பு தான் உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்த மனுஷன் இன்றைக்குத் தனக்காக நிற்கிறார். பெரிய டீச்சர் குடும்பத்தில் யாரும் இன்னொருவர் பிடித்த குடைக்குக் கீழே நின்றதில்லை. அப்பா நின்றதில்லை. இந்த வாத்தியார் பிடிக்கிற குடை ஓட்டையில்லாத குடையாகவே இருந்தாலும் அது இரவல் குடை.

நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். தட்டல் தானாக அடங்கிற்று. தங்கள் பக்கம் பேசத்தான் எழுந்திருக்கிறார் என்று லாரிக்காரர் காகிதத்தைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க சார்," என்றார் பெரிய டீச்சர். ஓட்டைச் சட்டையை அவர் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "வரலன்னு சொன்னது நான். வந்துச்சு. என் அலமாரியில இருந்துச்சு." பையிலிருந்து உறையை எடுத்து மேஜைமேல் போட்டார். "எடுத்து வச்சேன். மறந்துட்டேன். அடுத்தவங்க தலையில கட்டற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. யாருக்கு என்ன கேக்கணுமோ என்னைக் கேளுங்க."

தம்பி உறையைப் பார்த்தபடி நின்றான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

"எதுக்கு எடுத்து வச்சீங்க?" என்றார் லாரிக்காரர், குரல் எழும்பாமல்.

"அதுல தப்பு இருந்துச்சு. திருத்தினேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

நடுவில் ஒரு பெண் எழுந்தாள். கடைத்தெருவில் தையல் மெஷின் வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. "டீச்சர், நான் உங்ககிட்டப் படிச்சவ. நாலாங்கிளாஸ்ல ஸ்கூல் பூகோளப் படத்துல மை கொட்டிட்டேன். நானே வந்து சொன்னேன். நானே வந்து சொன்னதுக்கு ஒரு வாரம் வெயில்ல நிக்க வச்சீங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட நான் எதையுமே சொன்னதில்ல. கிளாஸ்ல யாருமே சொன்னதில்ல. நீங்க யாரைப் பார்த்து பயந்தீங்க டீச்சர்? உங்களை வெயில்ல நிக்க வைக்க யாரு இருந்தாங்க?"

பெரிய டீச்சருக்கு அந்தப் பூகோளப் படம் நினைவில் இல்லை.

"என் பொண்ணு ராத்திரியெல்லாம் படிச்சா," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

ஓட்டைச் சட்டை மெல்ல மேஜையருகே வந்து உறையைப் பிரித்துப் பக்கங்களைப் புரட்டினார். தேர்வுத்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு எந்த இடத்திலும் பாடம்தான்.

"பதினொண்ணும் சரியாப் பிடிச்சிருக்கீங்க டீச்சர்," என்றார். அவர் குரலில் கேலி இல்லை. "கேட்ட மூணு கேள்வியும் தப்பே இல்லாத பக்கத்துல இருந்து வந்திருக்கு."

லாரிக்காரர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடத்தான் நாப்பது பேர்கிட்டக் கையெழுத்து வாங்கினேன். இதை இப்ப என்ன பண்றது?"

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?" தம்பிக்குக் குரல் திரும்பியிருந்தது. "நாளைக்கு கிளாஸுக்கு வர்ற பிள்ளைங்க பேரை எழுதுங்க. டி.சி. வேணுங்கிறவங்க ஆபீஸுக்கு வாங்க, இப்பவே எழுதித் தர்றேன். அதுக்காக யார் மேலயும் வருத்தப்பட மாட்டேன்."

"உங்களை நான் நம்பல சார். இப்பவும் நம்பல."

"நம்ப வேண்டாம். லாரி ஓடாத நாள்ல வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்க, என்ன நடத்தறோம்னு."

லாரிக்காரர் காகிதத்தைத் திருப்பினார். பிறகு பேனா கேட்டார். கொடுத்தது ஓட்டைச் சட்டை. அந்தப் பேனாவை வாங்கும்போது லாரிக்காரர் தைத்த பாக்கெட்டைப் பார்க்காமல் வாங்கினார்.

ஒன்பது பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். தம்பி ஒவ்வொன்றையும் தன் கையாலேயே எழுதி, எந்தப் பள்ளியில் சேர்க்கப்போகிறார்கள் என்று கேட்டு, அங்கே தனக்குத் தெரிந்தவர் பெயரையும் சொல்லி அனுப்பினான். பெரிய டீச்சர் ஆபீஸ் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேரும் அவரைக் கடந்துதான் போனார்கள். எட்டுப் பேர் வணக்கம் சொல்லவில்லை. ஒருவர் சொன்னார், அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு இருவரும் நடந்துதான் வந்தார்கள். அவன் வழக்கமாக அக்காவின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்வான். அன்று குறைக்கவில்லை. அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவன் கைகால் கழுவி உட்கார்ந்திருந்தான். தம்பியின் மனைவிக்குச் செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

"தபால் நாளையில இருந்து ஸ்கூலுக்குப் போகும்," என்றான்.

"போகட்டும்."

"காலைல கிளாஸுக்கு நீங்க வரவேண்டாம். நடத்தித் தர்றேன்னு கேக்க வேண்டாம். பயந்துக்கிட்டுப் படிக்கிறதுக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு இப்ப நேரமில்ல."

"நான் கேக்கலையே."

"எனக்குக் கோவம் போகலக்கா. எப்பப் போகும்னும் தெரியல."

"போகணும்னு உன்கிட்டக் கெஞ்சினேனா?"

தம்பியின் மனைவி இரண்டு தட்டுகளை வைத்தாள். "ரெண்டு பேரும் கோவமாவே சாப்பிடுங்க. சோறு ஆறிப்போகுது."

சாப்பிட்டார்கள். வெளியே வெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மூன்று நாள் பட்டினிக்குச் சேர்த்து வேகமாகச் சாப்பிட்டான். பெரிய டீச்சர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையைத் தட்டிலேயே வைத்திருந்தார்.

"அங்க மறந்துட்டேன்னு சொன்னேன்," என்றார். "மறக்கல."

தம்பி நிமிர்ந்தான்.

"நீ வந்து கேட்டியே, அன்னிக்கே நல்லா ஞாபகம் இருந்துச்சு. பத்துப் பக்கம்தான் முடிஞ்சிருந்துச்சு. நாள் கடந்துபோச்சு. ஏன் இத்தனை நாளு வச்சிருந்தீங்கன்னு நீ கேப்பே. நீ கேட்டு நான் பதில் சொல்றதா? ஒண்ணும் வரலன்னு வாயில வந்துடுச்சு. வந்ததுக்கப்புறம் அதை எடுத்துக் குடுக்க வழியில்லாமப் போச்சு. தினம் குடுக்கணும்னு நினைப்பேன். தினம் ஒரு போர்வை மடிச்சு மேல வைப்பேன்."

பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. தம்பி தட்டில் இருந்த கடைசிப் பருக்கைகளைச் சேர்த்தான், சாப்பிடவில்லை. அவன் ஏதோ கத்தப்போகிறான் என்றுதான் பெரிய டீச்சர் முதுகை நிமிர்த்திக் காத்திருந்தார்.

"வரவேண்டாம்னு சொன்னேன்ல," என்றான் கடைசியில். "வாங்க. பாடம் நடத்த வேண்டாம். இப்பச் சொன்னீங்களே, இதை அப்படியே பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டு வந்துடுங்க."

"அறுபத்துநாலு பேர் முன்னாடியா?"

"ஒன்பது பேர் போயிட்டாங்க. அம்பத்தஞ்சு."

பெரிய டீச்சர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மென்று விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"எட்டுன்னா எட்டு மணியா, இல்ல உன் எட்டு மணியா?"

"உங்க எட்டு மணி," என்றான் தம்பி, முகத்தைப் பார்க்காமல்.